சாக்ஸபோன் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து

லென்னி டிரிஸ்டானோ என்று ஒரு பியானோ கலைஞர். பார்வை இல்லாதவர். 1940களிலும் 50களிலும் நியூயார்க்கில் மாணவர்களுக்கு ஜாஸ் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் சாக்ஸபோன் கற்க வந்தவர்களுக்கு அவர் கொடுத்த முக்கியமான பாடம் ஒன்றுக்குச் சாக்ஸபோனே தேவையில்லை. லெஸ்டர் யங் என்ற சாக்ஸபோன் கலைஞர் வாசித்த இசைத்தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள சோலோவை, அதாவது அவருடைய தனி வாசிப்பை, தட்டோடு சேர்ந்து வாயால் பாட வேண்டும். சுரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. எங்கே மூச்சு விட்டார், எந்தச் சுரத்தைப் பாதி விழுங்கினார், எதில் தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி வந்தார் என்பதெல்லாம் பாட்டில் வர வேண்டும். வாத்தியத்தில் கைவைப்பது அதற்குப் பிறகுதான். லீ கோனிட்ஸ், வார்ன் மார்ஷ் என்ற இரண்டு பெரிய சாக்ஸபோன் கலைஞர்கள் இந்த வகுப்பில் படித்தவர்கள்.

ஜாஸ் சாக்ஸபோன் பிடிபடவில்லை, ஏதோ விடாமல் வாசித்துக்கொண்டே போகிறார்கள் என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். வரலாற்றுப் புத்தகத்தையும் இசை இலக்கணத்தையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பெரிய வாத்தியார்கள் சிஷ்யர்களுக்குக் கொடுத்த பாடங்களில் நாலைந்தை நீங்களும் செய்து பாருங்கள். விரலுக்கான பாடங்களை விட்டுவிடலாம். அசலான பாடங்கள் எல்லாம் காதுக்கானவை. வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அவை பயன்படும்.

முதலில் அந்த லெஸ்டர் யங்கையே எடுத்துக்கொள்வோம். 1936 நவம்பரில் சிகாகோவில் ஐந்து பேர் சேர்ந்து பதிவு செய்த 'லேடி பி குட்' இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. யங்கின் முதல் ஒலிப்பதிவு அமர்வு அது. அவர் எடுத்துக்கொள்வது இரண்டு சுற்று. ஒரு சுற்று என்றால் 32 தாளக்கட்டு, ஒவ்வொன்றிலும் நாலு தட்டு. அதை எட்டு எட்டாகப் பிரித்தால் முதல் எட்டு, அதே மெட்டில் இரண்டாவது எட்டு, வேறொரு மெட்டில் மூன்றாவது எட்டு, மறுபடி முதல் மெட்டில் நாலாவது எட்டு. பழைய ஜாஸ் பாட்டுகளில் பலவற்றுக்கு இந்தக் கட்டுமானம்தான். நம் கச்சேரியில் கல்பனாஸ்வரம் பாடுபவர் எவ்வளவு தூரம் போனாலும் எடுப்புக்கு வந்து சேர்ந்துவிடுகிறார் அல்லவா? இங்கும் வாசிப்பவர் மனதில் பாட்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன் மேல்தான் அவருடைய கற்பனை எல்லாம்.

விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள். மூன்றாவது எட்டு வரும் இடம் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. பிறகு யங்கோடு சேர்ந்து முனகிப் பாருங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐந்தாறு முறை பாடிய பிறகு ஒன்று புலப்படும்: இந்த மனிதர் வாசித்த சுரங்களைப் போலவே வாசிக்காமல் விட்ட இடங்களும் கணக்காக விழுந்திருக்கின்றன. ஒரே சுரத்தை மூன்று நாலு முறை தட்டுகிறார். ஒவ்வொரு முறையும் தாளத்தில் அது விழும் இடம் வேறு. வெறுமனே கேட்கும்போது நழுவிவிடுகிற இந்த விஷயம் பாடும்போது நாக்கில் தட்டுப்படும். டிரிஸ்டானோ பாடச் சொன்னதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

யங்குக்கும் வாத்தியார்கள் உண்டு. அப்பா குடும்ப வாத்தியக் குழு ஒன்றை நடத்தினார், அடிப்படை எல்லாம் அங்கே. அந்த மெல்லிய, கனமில்லாத நாதத்துக்கு வழிகாட்டி ஃப்ராங்கி டிரம்பவர் என்ற வெள்ளையரின் இசைத்தட்டுகள். அக்காலத்தில் டெனர் என்ற, ஆழ்ந்த குரலுள்ள சாக்ஸபோன் என்றால் கோல்மன் ஹாக்கின்ஸ்தான்: தடித்த, முழங்குகிற நாதம். யங் அந்தப் பக்கம் போகவில்லை.

அடுத்தது நாதம். நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் ஜோ அலார்ட் என்று ஒரு வாத்தியார் இருந்தார். மைக்கேல் பிரெக்கர், டேவ் லீப்மன் போன்ற சாக்ஸபோன் கலைஞர்கள் அவரிடம் பாடம் கேட்டவர்கள். அவர் வலியுறுத்திய பயிற்சி ஒன்றை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புதான். சாக்ஸபோனின் எல்லாத் துளைகளையும் மூடி ஆக அடியிலுள்ள சுரத்தை வாசிக்க வேண்டும். பிறகு ஒரு விரலைக்கூட அசைக்காமல் அதன் மேல்ஸ்தாயி சுரம் வர வேண்டும். அப்புறம் அதற்கும் மேலே பஞ்சமம், இன்னொரு ஸ்தாயி என்று ஏற வேண்டும். உதட்டைக் கடித்து அழுத்தினால் வராது. நாக்கின் பின்பகுதியும் தொண்டையும் உள்ளே இடம் மாற வேண்டும். அப்படி மாற, அடுத்து வரப்போகும் சுரம் மனதுக்குள் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். ஆக, சாக்ஸபோனை ஊதுவதில் பாதி, தொண்டைக்குள் ஓசையில்லாமல் நடக்கிற பாட்டு.

ஒரே கம்பெனி வாத்தியத்தை, ஒரே ரீடோடு (ஊதும்போது அதிரும் நாணல் துண்டு) இரண்டு பேர் வாசித்தாலும் இரண்டு குரல் கேட்பது இதனால்தான். ஆகவே, என்ன வாசிக்கிறார் என்று பார்க்கும் முன் யாருடைய குரல் என்று கேட்டுப் பழகுங்கள். பழகுவதற்கு ஒரு நல்ல பரம்பரை இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ்காரர் சிட்னி பெஷே கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தவர், லண்டன் போன இடத்தில் உயர்ந்த குரலுள்ள, நேரான சோப்ரானோ சாக்ஸபோன் ஒன்றை வாங்கினார். அவரிடம் கற்றவர் ஜானி ஹாட்ஜஸ். ஹாட்ஜஸ் 1928இல் டியூக் எலிங்டன் குழுவில் சேர்ந்து, சோப்ரானோவுக்கும் டெனருக்கும் இடைப்பட்ட ஆல்ட்டோ வாசித்தார். 1940இல் அதே குழுவுக்கு டெனரோடு வந்த பென் வெப்ஸ்டர், ஹாட்ஜஸின் வரிசையில் உட்கார்ந்து அவர் சுரத்தைச் சறுக்கி எடுப்பதைக் காதில் வாங்கிக்கொண்டார். ஹாட்ஜஸின் 'வார்ம் வேலி', வெப்ஸ்டரின் 'சோல்வில்' தொகுப்பு இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போகும் அந்த வழுக்கல் இருவரிடமும் உண்டு. கமகத்தில் ஊறிய நம் காதுக்கு அது சட்டென்று பிடிபடும். ஆனால் வெப்ஸ்டரிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது. சுரம் பிறப்பதற்கு முன் காற்று மட்டும் வருகிறது, சுரம் அடங்கிய பிறகும் காற்று மிச்சமிருக்கிறது. நாகஸ்வரச் சீவாளியைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் ரசிகர்கள் நம்மிடம் உண்டு. அவர்களுக்கு வெப்ஸ்டரை நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன்.

பாட்டின் வார்த்தைகளைத் தெரிந்துகொள்வது இன்னொரு பாடம். டெக்ஸ்டர் கார்டன் மெதுவான காதல் பாட்டு ஒன்றை வாசிப்பதற்கு முன், மைக்கில் அதன் முதல் வரிகளை நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் டெனரை எடுப்பார். வார்த்தை தெரியாமல் மெட்டை வாசிக்கக் கூடாது என்பது லெஸ்டர் யங் வழியில் வந்த பழக்கம். நமக்கும் இது வசதி. ஹாக்கின்ஸ் 1939 அக்டோபர் 11 அன்று பதிவு செய்த 'பாடி அண்ட் சோல்' மூன்று நிமிடம்தான். ஆனால் தொடக்கத்தில் மெட்டைச் சாடையாகக் காட்டிவிட்டு அவர் தன் வழியே போய்விடுகிறார். அதை நேரடியாகக் கேட்டால் ஒன்றும் புரியாது. முதலில் பாடகி பில்லி ஹாலிடே 1940இல் பாடிய அதே பாட்டைக் கேளுங்கள். மெட்டு மனதில் நின்றபின் ஹாக்கின்ஸிடம் வாருங்கள். அவர் எதை விட்டு விலகுகிறார் என்று தெரிந்தால்தானே விலகலின் அழகு தெரியும்?

வேகத்தைக் கண்டு மிரள்பவர்களுக்கு ஆல்ட்டோ கலைஞர் சார்லி பார்க்கரின் கதை. கான்சாஸ் சிட்டியில் அவருக்கு 15 வயது இருக்கும்போது, பெரியவர்கள் வாசிக்கும் இடத்தில் துணிந்து ஏறி, பாதியில் தடுமாறிவிட்டார். டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் வீசியதாகச் சொல்வார்கள். 'லேடி பி குட்' பதிவில் டிரம்ஸ் வாசிக்கிறாரே, அதே ஜோன்ஸ்! மறு வருடக் கோடையில் பார்க்கர் ஓசார்க் மலைப் பக்கம் ஒரு குழுவோடு வேலைக்குப் போனார். கையில் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகள். சோலோக்களை ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்துகொண்டு திரும்பினார். ஆல்ட்டோவில் பஸ்டர் ஸ்மித் என்ற மூத்தவரும் அவருக்குக் குரு. 1945இல் அவர் பதிவு செய்த 'கோ கோ' மின்னல் வேகம். கவலை வேண்டாம், போனில் வேகத்தைப் பாதியாக்கிக் கேளுங்கள். அந்தக் காலத்துச் சிஷ்யர்களும் தட்டின் வேகத்தைக் குறைத்துத்தான் கற்றார்கள். மெதுவாக ஓடும்போது பார்க்கருக்குள் லெஸ்டர் யங் உட்கார்ந்திருப்பது கேட்கும்.

இப்படிக் காதால் கற்ற இன்னொருவர் டெனர் கலைஞர் ஜான் கோல்ட்ரேன். 1957இல் தெலோனியஸ் மங்க்கின் வீட்டுக்குப் போய் அவரை எழுப்பிக் கற்றுக்கொண்டதைத் தானே பதிவு செய்திருக்கிறார். மங்க் எழுந்து வந்து பியானோவில் வாசிப்பார், கோல்ட்ரேன் காதால் கேட்டு டெனரில் தேடுவார். பிடிபடாவிட்டால் மங்க் மறுபடி வாசிப்பார். எழுதி வைத்த தாள் இருந்தாலும் காட்டத் தயங்குவார். டெனரில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சுரம் எழுப்பும் வித்தையை முதலில் காட்டியவர்களில் மங்க்கும் ஒருவர் என்கிறார் கோல்ட்ரேன். சாக்ஸபோன் வித்தையைக் காட்டியவர் ஒரு பியானோ கலைஞர்! அந்த வருடக் கடைசியில் கார்னகி ஹாலில் இருவரும் வாசித்த ஒலிநாடா 2005இல்தான் கிடைத்தது. குருவும் சிஷ்யனும் ஒருவரையொருவர் எவ்வளவு புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பின்னாளில் கோல்ட்ரேன் சிதார் கலைஞர் ரவிசங்கரிடம் ஈர்க்கப்பட்டு, மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். மறுபக்கம், 'டூயட்' படத்தின் மூலம் நம் வீடுகளுக்குள் வந்த கர்நாடக சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்து, அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பா 2008இல் 'கின்ஸ்மென்' என்ற தொகுப்பை வெளியிட்டார். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் அந்தத் தொகுப்பின் வழியாகவும் ஜாஸுக்குள் நுழையலாம்.

இந்தக் குரு-சிஷ்ய மரபில் பள்ளிக்கூடங்களுக்கும் பங்கு உண்டு. சிகாகோவின் டுசேபிள் உயர்நிலைப் பள்ளியில் கேப்டன் வால்டர் டயட் என்ற ஆசிரியரிடமிருந்து ஜீன் ஆமன்ஸ், ஜானி கிரிஃபின், வான் ஃப்ரீமன் என்று ஒரு சாக்ஸபோன் படையே கிளம்பியது. வான் ஃப்ரீமன் அதே ஊரில் வயதான பிறகும் செவ்வாய்க்கிழமை இரவுகளில் ஒரு சின்ன மதுக்கூடத்தில் வாசித்து, பிறகு இளைஞர்களை மேடையேற்றிக்கொண்டிருந்தார். இன்று பல்கலைக்கழகங்களில் சோலோக்களை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். விரல் வேகமாக ஓடுகிறது, ஆனால் குரல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், டெனர் கலைஞர் சோனி ராலின்ஸ் 1956இல் வாசித்த 'செயின்ட் தாமஸ்'. அம்மா வழியில் வந்த கரீபியன் மெட்டு. அவர் சோலோவை இரண்டே சுரத்தில் தொடங்குகிறார். அந்த இரண்டையும் தள்ளி வைக்கிறார், திருப்பிப் போடுகிறார், நீட்டுகிறார். குழந்தைக்கும் புரியும். ஹாக்கின்ஸைத் தெய்வமாக நினைத்தவர் ராலின்ஸ். 1963இல் இருவரும் சேர்ந்து வாசித்த தொகுப்பையும் அடுத்துக் கேளுங்கள். கோல்ட்ரேனின் கடைசிக் கால 'அசென்ஷன்' போன்றவற்றை ஒரு வருடத்துக்குத் தொடாதீர்கள், பயந்து ஓடிவிடுவீர்கள். இன்னொன்று, இவற்றை எல்லாம் போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். வெப்ஸ்டரின் காற்று அதில் கேட்காது. சுமாரான ஹெட்போன் இருந்தால் போதும்.