படை தந்த வாள்: மூன்று மரபுகளும் அவற்றின் தரமும்

கோலாலம்பூர் சுங்கை பீசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில், பயிற்சி முடித்து அதிகாரியாகும் சிறந்த மாணவருக்கு ‘பெடாங் கெஹோர்மாத்’ என்னும் மரியாதை வாள் வழங்கப்படுகிறது. இது மேலிடம் தரும் சிறப்பு. படைவீரர்களே தங்கள் தளபதிக்கு வாள் தந்து சிறப்பித்த வரலாறும் உண்டு. பரிசு வாள்களை மூன்று மரபுகளாகப் பிரித்துப் பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும்.

முதலாவது, நிதி திரட்டி வழங்கும் மரபு. 1803இல் லண்டன் லாயிட்ஸ் வணிகர்கள் தொடங்கிய தேசபக்தி நிதி, வாள்களுக்கு விலையாலேயே தரம் வகுத்தது: கப்பல் தலைவருக்கு 100 பவுண்டு, லெப்டினன்டுக்கு 50, அவருக்குக் கீழுள்ளோருக்கு 30. நீலமேற்றிய அலகில் பொன் வேலைப்பாடு, தந்தப் பிடி, பிடியின் குறுக்கே ரோமானியக் கோல்கட்டு. வேலைத்திறனில் இவை முதல் வரிசை. ஆனால் கொடுத்தவர்கள் கரையில் இருந்தவர்கள்.

இரண்டாவது, கைப்பற்றிய வாளைக் கொடுப்பது. இதில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. 1780இல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூர்ப் போரில் ஹைதர் அலியின் படையிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் அதிகாரி டேவிட் பெயர்டு, மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் சிறையிருந்தார். 1799 மே 4 அன்று அதே கோட்டையைத் தாக்கிய படைக்கு அவரே தலைமை தாங்கினார். அந்தத் துணிவைப் பாராட்டி, ஹைதரின் மகன் திப்பு சுல்தானின் படுக்கையறை வாளைப் படை அவருக்கு அளித்தது. 2023 மே மாதம் அது லண்டனில் சுமார் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது. அந்த விலை பெயர்டின் வீரத்துக்கு வந்ததல்ல. திப்புவின் பெயருக்கு வந்தது.

மூன்றாவது, உடன் போரிட்டவர்களே வாள் செய்வித்துக் கொடுப்பது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, கெட்டிஸ்பர்க் வெற்றிக்கு அடுத்த மாதம், 1863 ஆகஸ்ட் 28 அன்று, பென்சில்வேனியா ரிசர்வ் படைப்பிரிவினர் ஜெனரல் ஜார்ஜ் மீடுக்கு வாள் வழங்கினர். முன்பு அவர்களை நேரில் நடத்திப் போரிட்டவர் அவர். தலைவனின் தகுதியை அவன் ஆணைக்குக் கீழ்ப்பட்டு உயிரைப் பணயம் வைத்தவர்களைவிட வேறு யார் அறிவார்? மூன்று மரபுகளில் இதுவே உயர்ந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சிறிது தூரத்தில் உள்ள மலேசிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் போர்க்கருவிகளுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். வாளின் தங்கத்தைக் காட்டுவதோடு நிறுத்தாமல், அதை யார், யாருக்கு, எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்கவும் பழக்குங்கள்.