பெக்கோ பாதையின் திட்டம்

கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கி ஹப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பெக்கோ பாதை, இலங்கைத் தேயிலை மலைகளின் நடைபாதை. நீளம் 300 கிலோமீட்டருக்கும் அதிகம்; 22 கட்டங்கள். அந்தப் பிரிப்பே ரசிக்கத்தக்க கைவேலை. வட்டகொடையிலிருந்து கொட்டகலைக்கு ஆறாம் கட்டம். கொட்டகலையிலிருந்து நோர்வூட்டுக்கு ஏழாவது. வட்டகொடையிலும் கொட்டகலையிலும் ரயில் நிற்கும். கால் சோர்ந்தவர் கொட்டகலையில் நடையை நிறுத்தி ரயிலேறலாம். பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஒரு கட்டத்துக்குச் சராசரியாக 14 கிலோமீட்டர். சமவெளியில் அது அரைநாள் வேலை. ஏற்ற இறக்கமும் பிற்பகல் மூட்டமும் உள்ள தேயிலை மலையில் முழுப்பகல். மழைக்கணக்கு இன்னும் நுட்பமானது. கொட்டகலையை அடுத்த ஹட்டன் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஹப்புத்தளையும் எல்லவும் உள்ள ஊவாப் பக்கம் ஆண்டு இறுதியில் வடகீழ் மழை. முழுப்பாதையையும் ஒரே மூச்சில் நடப்பவருக்குப் பெப்ரவரியும் மார்ச்சுமே தோது.

இப்படிக் கணக்குப் பார்த்தால் பயணத்தின் வியப்பு போய்விடும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இராத்தங்கல் உறுதியானவர்தான் லயத்துக் கடையில் பிளேன்டீ குடித்தபடி ஆறுதலாகப் பேசுவார். உறுதியில்லாதவருக்குக் கண்ணெல்லாம் கடிகாரத்தில். இது காடல்ல, மக்கள் உழைக்கும் தோட்டம் என்ற மறுப்பு வலுவானது. ஆனால் அது திட்டத்தைத் தள்ளச் சொல்லவில்லை, விரிக்கச் சொல்கிறது. அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்வதுபோல, கொழுந்து நிறுக்கும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். சுமையோடு வருபவருக்கு ஒற்றையடிப் பாதையில் விலகி நிற்கவும் அன்றைய பொழுதில் இடம் ஒதுக்க வேண்டும்.