டி.என்.ஏ. சாட்சியை நம்பலாமா?

கொல்லிமலையின் அடிவாரத்தில், துறையூர்ப் பக்கத்தில், புளியஞ்சோலை என்றோர் இடம் உண்டு. மலையிலிருந்து இறங்கும் ஆறு பாறைகளுக்கிடையே ஓடுவதால், விடுமுறை நாட்களில் குளிக்க வருவோர் கூட்டத்துக்குக் குறைவில்லை. இத்தகைய இடமொன்றில் ஒரு கொலை நடந்து, சில நாட்கள் கழித்து உடல் கண்டெடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம், வெயில், எறும்பு, நுண்ணுயிர்கள் ஆகிய இத்தனைக்கும் தப்பி எந்தச் சாட்சி மிஞ்சும்?

இது வெறும் கற்பனையன்று. தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் 2011 மே மாதம் காதலர் இருவர் கொல்லப்பட்டனர். சில நாட்களுக்குப் பின்னரே உடல்கள் கிடைத்தன. ஒருவர் கைது செய்யப்பட்டார். 2018இல் அமர்வு நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. அரசுத் தரப்பு நம்பியிருந்த சான்றுகளில் டி.என்.ஏ. அறிக்கையும் ஒன்று. ஆனால் 2025 ஜூலை 15 அன்று, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா ஆகியோர் அவரை விடுதலை செய்தனர். மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பியதில் ஏற்பட்ட தாமதத்துக்கு விளக்கம் இல்லை, அவை யார் யார் கையில் இருந்தன என்பதும் மெய்ப்பிக்கப்படவில்லை, ஆகவே கலப்படம் நேர்ந்திருக்க முடியாது என்று சொல்வதற்கில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இதற்கு முன் 2022 நவம்பரிலும் இவ்வாறே நடந்தது. டெல்லி சாவ்லா பகுதி இளம்பெண் 2012இல் கொல்லப்பட்ட வழக்கில், மரண தண்டனை பெற்றிருந்த மூவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. "டி.என்.ஏ.யே பொருந்திவிட்ட பிறகு எப்படி விட்டார்கள்?" என்று கேட்டனர் ஒரு சாரார். "அப்படியானால் அந்தச் சோதனையே ஏமாற்று" என்றனர் மறு சாரார். இரு சாராருமே சோதனையை ஒரு மந்திரமாகக் கருதுகிறார்கள் என்பதே என் குறை. ஒருவர் அது பலிக்கும் என்கிறார், மற்றவர் பலிக்காது என்கிறார். உள்ளே நடப்பது என்ன என்று கேட்பாரில்லை.

உள்ளே நடப்பது இதுதான். நமது டி.என்.ஏ. இழையில் சில இடங்களில் ஒரு சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் உங்களுக்கு அது 9 முறை வரலாம், எனக்கு 12 முறை வரலாம். இப்படிப்பட்ட இருபது இடங்களை அளந்தால் கிடைக்கும் எண் வரிசை, ஒரே கருவில் பிறந்த இரட்டையரைத் தவிர, இருவருக்கு ஒன்றுபோல் அமைவது மிக மிக அரிது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984இல் இவ்வழிக்கு வித்திட்டார். அந்நாட்டில் இது முதன்முதலாகக் கொலை வழக்கொன்றில் கையாளப்பட்டபோது, முதலில் ஒரு குற்றமற்ற இளைஞனை விடுவித்தது. அதற்குப் பிறகே உண்மைக் குற்றவாளியைக் காட்டியது. நம் நாட்டில் ஐதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் இத்துறையை வளர்த்தார்.

தடயத்தில் இருக்கும் டி.என்.ஏ. மிகச் சொற்பம். ஆகவே அதைப் படியெடுத்துப் பெருக்குகிறார்கள். ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும், அடுத்த சுற்றில் இரண்டு நான்காகும். 28 சுற்றுகள் முடிந்தால் ஒன்று ஏறக்குறைய 27 கோடியாகிவிடும்! கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தப் பெருக்கலில்தான் சோதனையின் வலிமையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. பெருக்கும் கருவிக்குக் கொலையாளியின் அணு என்றும் காவலரின் தும்மல் என்றும் வேறுபாடு தெரியாது.

ஜெர்மனியில் நடந்ததைக் கேளுங்கள். ஹைல்பிரான் நகரில் 2007இல் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்டார். அங்கு கிடைத்த டி.என்.ஏ., ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்சு நாடுகளில் பல குற்றங்களில் கிடைத்த, யாரென்று அறியப்படாத ஒரு பெண்ணின் டி.என்.ஏ.யோடு பொருந்தியது. காவல்துறை அவளைத் தேடி அலைந்தது. 2009இல் உண்மை வெளிப்பட்டது. மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைக் கையாண்ட தொழிலாளி ஒருவரின் டி.என்.ஏ. அது! குச்சிகளில் கிருமி நீக்கம் செய்திருந்தார்கள். கிருமி சாகும், டி.என்.ஏ. போகாது. சோதனை ஒவ்வொரு முறையும் சரியாகவே பொருந்தியது என்பதைக் கவனியுங்கள்.

இனி, தீர்ப்புகளை நோக்கி ஒரு வார்த்தை. சாவ்லா வழக்கில் மாதிரிகள் 2012 பிப்ரவரி 14, 16 தேதிகளில் எடுக்கப்பட்டு, 27ஆம் தேதிதான் ஆய்வகத்துக்குச் சென்றன. அதுவரை காவல் நிலையப் பொருள் அறையில் கிடந்தன. தாமதம் தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் தாமதத்தால் என்ன கெடுதல் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெப்பமும் ஈரமும் டி.என்.ஏ.யைத் துண்டுதுண்டாக்கும், அதனால் அளவீடு அரைகுறையாகும், அல்லது முற்றிலும் கிடைக்காமற் போகும். ராமனின் டி.என்.ஏ. அழுகினால் அது சோமனின் டி.என்.ஏ. ஆகிவிடாது. அவ்வகையில், "பழைய மாதிரி என்பதாலேயே பொய்யாகப் பொருந்திவிட்டது" என்ற வாதத்துக்கு அறிவியலில் இடமில்லை.

கலப்பு வேறு கதை. கைதானவரிடம் எடுத்த இரத்தமும், இறந்தவரின் உடலிலிருந்து எடுத்த பஞ்சும் ஒரே அறையில், சரிவர முத்திரையிடாமல், பல நாட்கள் இருந்தால்? ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடுகளவு, ஏன், கண்ணுக்கே தெரியாத அளவு போய்ச் சேர்ந்தாலும் போதும். தவறியோ வேண்டுமென்றோ அது நிகழலாம். அப்போது பொய்ப் பொருத்தம் முழுமையானதாகவே இருக்கும். உச்ச நீதிமன்றம் அஞ்சியது இதற்கே, அந்த அச்சம் நியாயமானதே. நடுத்தெருவில் கூச்சலிட்டவர்கள் இதைக் காணவில்லை. தீர்ப்புகளும் சிதைவையும் கலப்பையும் தனித்தனியே விளக்கியிருந்தால், பொதுமக்களின் குழப்பம் பாதியாவது குறைந்திருக்கும்.

சுருளி வழக்கின் தீர்ப்பு நாடு முழுமைக்கும் சில விதிகளை வகுத்தது. மாதிரி எடுக்கும்போது மருத்துவரும் விசாரணை அதிகாரியும் சாட்சிகளும் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். தாமதமானால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். நீதிமன்ற அனுமதியின்றிப் பொட்டலத்தைத் திறக்கக்கூடாது. கைமாறிய விவரமெல்லாம் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும்.

நல்ல விதிகள்தாம். ஆனால் புளியஞ்சோலைக்குத் திரும்புங்கள். அங்கே முதலில் வந்து நிற்பவர் அருகிலுள்ள நிலையத்துக் காவலர். நனைந்த துணியை பாலிதீன் பையில் போட்டுக் கட்டினால், ஈரப்பூவை அப்படிக் கட்டி வைத்தது போல மறுநாளே புழுங்கிவிடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும். குழாயில் எடுத்த இரத்தத்தைக் குளிரில் வைக்க வேண்டும். இதைக் காவலருக்குக் கற்றுத்தராமல், ஜீப்பின் பின்னிருக்கையில் வெயில் பட வைத்துக் கொண்டுபோனால், 48 மணி என்ன, 24 மணியிலும் மாதிரி கெடும். குற்றவாளி தப்புவதற்கும் அது வழிதான். குற்றமற்றவர் தம்மை விடுவிக்கக்கூடிய ஒரே சாட்சியை இழப்பதற்கும் அது வழிதான்.

அந்தப் பதிவேட்டுக்கான மாதிரிப் படிவங்களைத் தயாரிக்கும் பொறுப்பை மாநிலக் காவல்துறைத் தலைவர்களிடம் நீதிமன்றம் ஒப்படைத்துள்ளது. யார் கொடுத்தார், யார் வாங்கினார், எத்தனை மணிக்கு என்ற பத்திகளோடு, எந்த வெப்பநிலையில் வைத்திருந்தார்கள் என்று ஒரு பத்தியும், கைதானவரின் மாதிரி வேறு இடத்தில் வைக்கப்பட்டதா என்று ஒரு பத்தியும் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும்.