நகராத யானை

சதுரங்க நூல்களில் ஆச்சரியக் குறிகள் மிகுதி, காரணங்கள் குறைவு. 2013 சனவரியில், நெதர்லாந்து நாட்டு விய்க் ஆன் சே போட்டியில், அப்போதைய உலகச் சாம்பியன் விசுவநாதன் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் ஆடி, லெவோன் அரோனியனை 23 நகர்த்தல்களில் வென்றார். அந்த ஆட்டத்தையும் மேதையின் மின்னல் என்று புகழ்ந்து முடித்துவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை.

பலகையை எடுத்து வையுங்கள். (எங்கள் பவானி ஜமுக்காளத்தில் கோடுகளே உண்டு, கட்டங்கள் இல்லை, அட்டையில் வரைந்துகொண்டாலும் போதும்.) தொடக்கம் மெரான் முறை. 1924-இல் மெரான் நகரில் குருன்ஃபெல்டுக்கு எதிராக ரூபின்ஸ்டைன் ஆடியதால் வந்த பெயர். இதில் கறுப்பு தன் மந்திரியைப் பி7 கட்டத்தில் நிறுத்துகிறது. அங்கிருந்து மூலைவிட்டம் நேராக எச்1 வரை ஓடுகிறது.

15-ஆவது நகர்த்தலில் ஆனந்த் மற்றொரு மந்திரியைச் சி5-இல், சிப்பாய் வெட்டக்கூடிய இடத்தில் வைத்தார். அடுத்ததாகக் குதிரையை இ5-இல் வைத்தார். எஃப்4 சிப்பாய் அதை வெட்டினால்? ராணி டி4-ஐ வெட்டிச் செக். ராஜா எச்1-க்கு ஒதுங்கினால், ராணி ஜி1-இல் தன்னையே பலி கொடுக்கும். யானை அதை வெட்டியே ஆகவேண்டும். உடனே குதிரை எஃப்2-க்கு வந்து மாட்! சொந்தக் காய்களே ராஜாவின் வழியை அடைத்துவிடுகின்றன.

இது பலகையின் முன் உதித்ததன்று. 2012-இல் கெல்ஃபாண்டுடன் நடந்த உலகப் பட்டப் போட்டிக்காக வீட்டில் தயாரித்தது. ஆய்வுக்கூடத்தில் செய்த வேலைக்கு மதிப்புக் குறைவா என்ன?

கடைசி நிலையைப் பாருங்கள். வெள்ளையிடம் யானை ஒன்று கூடுதல். கறுப்பிடம் மந்திரி ஒன்று கூடுதல். எண்ணிக்கையில் வெள்ளைக்கே லாபம். ஆனால் ஜி2 சிப்பாயை பி7 மந்திரியும், எச்3 சிப்பாயை எச்5 ராணியும் அசையாமல் கட்டிவைத்திருக்கின்றன. இ3-க்கு வந்த மந்திரி, எச்3-ஐக் காத்த வெள்ளை ராணியின் பார்வையை மறைத்துவிட்டது. ராணி எச்3-ஐ வெட்டினால் மாட். அரோனியன் ஒப்புக்கொண்டார்.

அப்போதும் வெள்ளையின் ஏ1 யானையும் சி1 மந்திரியும் ஒரு முறைகூட நகரவில்லை! 12-ஆவது நகர்த்தல் முதல் 20 வரை ஒரே குதிரை நான்கு முறை ஓடியது. ஒரு சிப்பாயையும் ஒரு யானையையும் தின்றது. அடுத்த நகர்த்தலில் தானும் வெட்டுப்பட்டது. நூல்கள் கறுப்பின் பலியைப் பாடுகின்றன. நானோ அந்தக் குதிரையைத்தான் பார்க்கிறேன்.

12-ஆவது நகர்த்தலுக்கு முன் தாளை மூடிவிட்டு, வெள்ளைக்கு நீங்கள் ஒரு நகர்த்தல் சொல்லுங்கள், பார்ப்போம்.