நாய்ச்சோறு

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகு வந்து ஏலம் முடிந்ததும், விலை போகாத பொடி மீன் ஒரு பக்கம் ஒதுங்கும். நாய் வளர்ப்பவர்களுக்கு அதுதான் பொக்கிஷம். மத்தி கிடைத்தால் இன்னும் விசேஷம். குக்கரில் தண்ணீர் தாராளமாக விட்டு, விரலால் நசுக்கினால் முள் மாவாகும்வரை வேகவிட வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் முள் தொண்டையில் நிற்கும். 2011 ஜூன் முதல் விலையில்லாமல் தரப்படும் ரேஷன் அரிசியைக் குழையவிட்டு, பரங்கிக்காய்த் துண்டுகளோடு மசித்து, மீனைச் சாறோடு பிசைந்தால் தட்டை நக்கித் தேய்த்துவிடும். உப்பு வேண்டாம்.

சிதம்பரம் பக்கம் மீனுக்குப் பதில் கோழி ஈரல். மலிவுதான், ஆனால் தினமும் போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சிவிடும். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளக்கும், கூடவே கூடாது. மிச்சச் சாம்பாரை ஊற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்: வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

குட்டிக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றைக் கலக்கிவிடும். அவித்த முட்டையை உதிர்த்துப் போடுங்கள். அடுத்த வேளைக்கு அதுவே வந்து நிற்கும்.