எதிர்ப்பாற்றல் என்னும் சொல்

'நோய் எதிர்ப்பாற்றல்' என்னும் தொடரை யான் முப்பதாண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்துள்ளேன். உடல் ஒரு கோட்டை, கிருமிகள் பகைவர், வெள்ளையணுக்கள் படைவீரர் என்று உருவகித்துப் பாடம் நடத்துதல் நம் ஆசிரியரிடையே பெருவழக்கு. பிள்ளைகளுக்கும் போர்க்கதை பிடிக்கும். அவ்வுருவகம் பாதி உண்மையே என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு தாயின் வினா.

ஈப்போவுக்குத் தெற்கே, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டமொன்றின் பள்ளியில் அப்போது பணியாற்றினேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி விளையாட்டு வேளையில் ஒதுங்கியே நிற்பாள். கால் வலி என்பாள். சாக்குச் சொல்கிறாள் என்று கடிந்துகொண்டேன், அக்குற்றம் என்னுடையது. பின்னர்க் கழுத்தடியில் காறையெலும்பு புடைத்தது. எலும்பில் கிருமி புகுந்ததென்று கருதிப் பல மாதம் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தனர்; பயனில்லை. எலும்பில் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தபோது கிருமி எதுவுமே காணப்படவில்லை. இதற்கிடையில் உறவினர் கொணர்ந்த சத்து மாவுகளும் லேகியங்களும் வீட்டில் குவிந்தன. ஒருநாள் தாய் என்னிடம் கேட்டார்: "ஐயா, எதிர்ப்புச் சக்தி கூடினா நோய் போயிடும்னு நீங்கதானே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க? இவளுக்கு எவ்வளவு குடுத்தும் கூடலையே!"

அச்சிறுமிக்குக் குறைவாயிருந்தது எதிர்ப்பு அன்று. எதிர்ப்பு ஓய வேண்டிய இடத்தில் ஓயாமையே அவள் நோய்.

அரிதான இந்நோயை மருத்துவ உலகம் 1972ஆம் ஆண்டு முதலே தனியாக இனங்கண்டுள்ளது. நாட்பட்டு நிற்பது, விட்டுவிட்டு வருவது, பல எலும்புகளில் தோன்றுவது, கிருமியின்றி மச்சை அழல்வது ஆகிய நான்கு இயல்புகளால் இதனை அறிவர். பெரும்பாலும் வளரும் பருவத்துப் பிள்ளைகளையே, அவருள்ளும் பெண்மக்களையே மிகுதியாகப் பற்றும்.

இனிச் சொல்லாராய்ச்சிக்கு வருவோம். நம் ஏடுகளில் வரும் மருத்துவக் குறிப்புகள் இத்தகைய நோய்களையெல்லாம் 'உடல் தன்னைத் தானே தாக்கும் நோய்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. இது பிழை. உடல் தன் உறுப்பையே அயலெனக் கருதி, அதற்கெனத் தனிப் பொருள்களை ஆக்கித் தாக்குதல் ஒன்று, அது தன்னெதிர்ப்பு. யாரையும் குறிவைக்காமல், பிறப்போடு வந்த முதற்காப்பு தானே மூண்டெரிதல் மற்றொன்று, அது தன்னழற்சி. 1999இல்தான் மருத்துவர் இவ்விரண்டாவதற்குத் தனிப்பெயர் இட்டனர். 'அழல்' என்னும் நம் வேர்ச்சொல் இதற்கு எத்துணை பொருந்துகிறது பாருங்கள்! பகைவன் இல்லை, போர் இல்லை. அடுப்பு அணையவில்லை, அவ்வளவே.

அடுப்பு அணையாமை எவ்வாறு நேர்கிறது? இன்டர்லியூக்கின் ஒன்று என்பது அழற்சியை மூட்டும் தூதுப்பொருள். அது சென்று அமரும் இருக்கையில் முன்னதாகவே அமர்ந்து, அதனைத் தடுக்கும் மற்றொரு புரதமும் உடலில் உண்டு. அப்புரதத்தை ஆக்கும் மரபணு தாய்வழியும் தந்தைவழியும் பழுதுற்றுப் பிறக்கும் குழந்தைக்குச் சில நாள்களிலேயே எலும்பு அழன்று, தோலில் கொப்புளம் பரவும். 2009இல் இது விளக்கப்பெற்றது. 2017இல் முதல் இந்தியக் குழந்தையின் செய்தியும் மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. மருந்து என்ன தெரியுமா? இல்லாத அப்புரதத்தை ஒத்துச் செய்யப்பட்ட அனகின்ரா என்பதே. அதாவது, காப்பின் வேகத்தைக் குறைப்பதே மருந்து. 1989இல் மஜீத் என்னும் மருத்துவர் உறவினரான மூன்று பிள்ளைகளிடம் கண்டு எழுதிய நோயில் எலும்பழற்சியோடு குருதிச்சோகையும் சேர்ந்து வரும். அதற்குரிய மரபணு 2005இல் கண்டறியப்பட்டது. இவை மிக அரியவை. பொதுவாக வரும் வகையில் ஒருவகை வெள்ளையணு, அழற்சியைத் தணிக்கும் இன்டர்லியூக்கின் பத்தினைப் போதிய அளவு சுரப்பதில்லை என்று ஆய்ந்துள்ளனர். எங்கு நோக்கினும் தணிப்பின் குறையே தென்படுகிறது.

ஆகவே 'எதிர்ப்பு' என்னும் சொல் போதாது என்பது என் துணிபு. இலங்கைப் பாடநூலார் 'நிர்ப்பீடனம்' என்றனர். பீடை இன்மை என்று பொருள் படும். வடசொல் என்று நாம் அதனை ஒதுக்கினோம். பொருளால் அது நம்முடையதினும் செம்மையானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தமிழகத்தார் சிலர் ஆளும் 'தடைக்காப்பு' என்பதிலும் காப்பு இருக்கிறது. காப்பவன் அடிக்கவும் அறிவான், அடங்கவும் அறிவான். 'நோய்க்காப்பு' என்று எளிமையாக எழுதினால் என்ன? பழகிய சொல்லை மாற்றுவது அரிது என்பர். 'சாஸ்திரம்' போய் 'அறிவியல்' வரவில்லையா?

மற்றொரு பிழையையும் சுட்டாமல் விட இயலவில்லை. மரபணு என்ற சொல் காதில் விழுந்ததும், 'சொந்தத்தில் மணந்ததன் விளைவு' என்று தீர்ப்பளிப்போர் உளர். தோட்டத்தில் அத்தை மகளை மணந்தோர் பலர். அவர் பிள்ளைகளிடம் இந்நோய் காண்பது மிக அரிது. பெற்றோர் இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால்தான் நான்கில் ஒன்று என்னும் வாய்ப்பு எழும். உறவு மணம் அதனைக் கூட்டும் என்பது உண்மை. உறவுமணப் பெற்றோரின் பிள்ளை ஒன்றிடம் புதியதொரு மரபணுப் பழுது காணப்பட்டு, 2017இல் வெளியான அதே ஆய்வில், வேறு 96 நோயாளரிடம் அதனைத் தேடியபோது மேலும் ஒருவரிடமே அம்மரபணுவில் பழுது கிடைத்தது. பெரும்பாலார்க்குத் தனியொரு மரபணுவைக் காரணமாகக் காட்ட இயலாது. எலிகளிடத்து உணவையும் குடல் நுண்ணுயிரையும் மாற்றியபோது எலும்பழற்சி குறைந்ததை 2014இல் கண்டனர். அதைக் கொண்டு பத்தியம் எழுதப் புறப்பட வேண்டா, எலி வேறு, பிள்ளை வேறு. அச்சிறுமியின் பெற்றோர் மாமன் மகனும் அத்தை மகளுமே. தம் மணமே மகளின் எலும்பை அரித்ததென்று அத்தாய் ஓராண்டு அழுதார். அழற்சி தணிக்கும் மாத்திரையும், பின்னர் எலும்பைக் காக்கும் ஊசியும் பெற்று மகள் ஓடியாடத் தொடங்கிய பிறகும், 'எங்க கல்யாணத்தாலதானே ஐயா?' என்று என்னைக் கேட்டார். 'அப்படிச் சொல்ல யாராலும் முடியாதம்மா' என்றேன்.