பூக்களா, ஆந்தைகளா: ஆலன் கார்னரின் நாவலும் அதன் கடைசிப் பக்கங்களும்

வயிற்றுவலியோடு படுக்கையில் கிடக்கிறாள் அலிசன். தலைக்கு மேலே பரணில் ஏதோ பிறாண்டும் சத்தம். எலியாக இருக்கும் என்று ஏறிப் பார்க்கிறான் சமையல்காரியின் மகன் க்வின். அங்கே அடுக்கடுக்காகச் சாப்பாட்டுத் தட்டுகள், எல்லாவற்றிலும் பூ வேலைப்பாடு. அவன் ஒரு தட்டைத் தூக்கும் அதே நேரத்தில், ஆற்றங்கரையில் துளையுள்ள கற்பலகை ஒன்றில் சாய்ந்திருக்கும், அலிசனின் மாற்றாந்தந்தையின் மகன் ரோஜரை உரசிக்கொண்டு ஏதோ பாய்ந்து போகிறது. அலிசன் அந்தப் பூ வேலைப்பாட்டைத் தாளில் நகலெடுத்து, வெட்டி மடித்துச் சேர்த்தால் ஆந்தை வருகிறது. ஆந்தை முடிந்ததும் தட்டு வெறும் வெள்ளைப் பீங்கானாகிவிடுகிறது. பிறகு தாள் ஆந்தைகளும் காணாமல் போகின்றன.

1967-இல் வெளிவந்த ‘தி ஔல் சர்வீஸ்’ இப்படித் தொடங்குகிறது. கார்னகி பதக்கமும் கார்டியன் பரிசும் இரண்டுமாகச் சேர்ந்து கிடைத்த முதல் சிறார் நாவல் இதுதான். அமானுஷ்யமும் ஊர்ப் பழங்கதையும் பதின்வயதுப் பிள்ளைகளும் கூடும் கதைகள் அதன்பின் எத்தனையோ வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஊர் வரலாறு வெறும் துப்பு. பழைய செய்தித்தாளில் ஒரு கொலை, கல்லறையில் ஒரு பெயர். பிள்ளைகள் கண்டுபிடித்ததும் ஆவி அடங்கும், ஊரும் அடங்கும். கார்னர் வரலாற்றை அவ்வளவு மலிவாகத் தீர்க்கவில்லை. இந்த நாவலை அரை நூற்றாண்டு கடந்தும் உயர்வாக வைக்க எனக்கு அதுதான் காரணம். ஆனால் கடைசிப் பக்கங்களில் அவர் எடுத்த முடிவு, அதுவரை கட்டியதைத் தாங்குகிறதா, இடிக்கிறதா என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் பாராட்டி நகர்ந்துவிட முடியாது.

முதலில் பழங்கதை. வேல்ஸ் நாட்டின் இடைக்காலக் கதைத் தொகுதியான மாபினோகியின் நான்காம் கிளையில் வருவது. மானுடப் பெண்ணை மணக்கக் கூடாது என்று தாயின் சாபம் பெற்றவன் லேய். அவனுக்காக இரண்டு மந்திரவாதிகள் ஓக், புரூம், மெடோஸ்வீட் ஆகிய பூக்களிலிருந்து ஒரு பெண்ணைப் படைக்கிறார்கள். அவளிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. அவள் பென்லின் நாட்டுத் தலைவன் க்ரோனுவைக் காதலிக்கிறாள். இருவரும் சேர்ந்து லேயைக் கொல்லப் பார்க்கிறார்கள். உயிர் மீண்ட லேய், க்ரோனு தடுப்பாகப் பிடித்த கல்லையும் துளைத்து ஈட்டியால் அவனைக் கொல்கிறான். பூப்பெண் தண்டனையாக ஆந்தை ஆக்கப்படுகிறாள்.

கார்னரின் கற்பனை, அந்த மூவரின் துயரம் தீராமல் ஒரு பள்ளத்தாக்கில் தங்கிவிட்டது என்பது. தலைமுறைதோறும் மூன்று பேரைப் பிடித்து அது தன்னை மறுபடி நடத்திக்கொள்கிறது. போன தலைமுறையில் வேலைக்காரப் பெண் நான்சி, அந்த வீட்டு உரிமையாளர் பெர்ட்ரம், அவரிடம் வேலை பார்த்த ஹியூ. பெர்ட்ரமின் மோட்டார் சைக்கிளில் பிரேக் கட்டைகளைக் கழற்றியவன் ஹியூ; பெர்ட்ரம் இறந்தார். இப்போது அலிசன், க்வின், ரோஜர். அலிசனின் தாயும் ரோஜரின் தந்தையும் மறுமணம் செய்துகொண்டு, அலிசனுக்கு வந்த அந்த வீட்டில் கோடையைக் கழிக்க இங்கிலாந்திலிருந்து வந்திருக்கிறார்கள். க்வினின் தாய் அதே நான்சிதான். தந்தை ஹியூ என்பது அவனுக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

பேய் என்று ஓர் உருவம் இதில் நடமாடுவதே இல்லை. ஊரில் ஓர் ஆற்றல் இருக்கிறது. அதை ஒருவர் சுவரோவியமாகவும் இன்னொருவர் தட்டின் வேலைப்பாடாகவும் அடைத்துவைக்கப் பார்த்திருக்கிறார்கள். கடைக்குப் போகும் க்வின், அவள் வருகிறாள் என்று ஊர்ப் பெண்கள் சர்வசாதாரணமாகப் பேசிக்கொள்வதைக் கேட்கிறான். ஊருக்கே தெரிந்தது வீட்டுக்கு மட்டும் தெரியவில்லை. வந்தவர்களுக்கு அந்த இடம் விடுமுறை வீடு. இருப்பவர்களுக்குத் தப்ப முடியாத முறைவைப்பு. இந்த இடைவெளியில்தான் நாவலின் பயம் பிறக்கிறது.

ஒரு ஆட்சேபத்தை இங்கேயே எடுத்துக்கொள்கிறேன். மாபினோகியில் லேயின் கதை நடப்பது ஆர்டிட்வி பகுதியில், கன்வைல் ஆற்றங்கரையில். கார்னர் தன் கதையை வைத்ததோ லானமௌத்வி கிராமத்துப் பள்ளத்தாக்கில். அங்கே அவர் தங்கிய பிரின் ஹால் என்ற வீடுதான் நாவலின் வீடு. தட்டுகளோ அவருடைய மாமியாரிடம் இருந்தவை. வேறிடத்துக் கல்லையும் வேறு வீட்டுப் பீங்கானையும் கொண்டுவந்து ஒட்டவைத்தால் அது ஊர் வரலாறு ஆகுமா? ஆகும் என்றே சொல்வேன். நாவல் தொல்லியல் அறிக்கை அல்ல. ஒட்டு தெரியாத அளவுக்கு மலை, மழை, ஆற்றுப்படுகை, ஆட்டுப்பாதை எல்லாம் அந்தக் குறிப்பிட்ட பள்ளத்தாக்கின் உடலாக இருக்கின்றன. க்வின் கோபத்தோடு மலையேறி ஓடிப்போகப் பார்க்கும் அத்தியாயத்தில், நாயும் ஆடும் அவனை மறித்துத் திருப்பும்போது, நிலம் தன் ஆளை விட மறுக்கிறது என்பதை நம்பிவிடுகிறோம்.

அதைவிட முக்கியமான வரலாறு ஒன்றை நாவல் பெயர் சொல்லாமலே சுமக்கிறது. 1957-இல் லிவர்பூல் மாநகராட்சி, தன் தண்ணீர்த் தேவைக்காக ட்ரவேரின் பள்ளத்தாக்கில் அணை கட்ட நாடாளுமன்றச் சட்டம் பெற்றது. வேல்ஸ் உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. 1965-இல் அணை திறக்கப்பட்டபோது வெல்ஷ் பேசும் கபேல் கேலின் கிராமம், பள்ளி, தேவாலயம், இடுகாடு உட்பட, தண்ணீருக்குள் போயிருந்தது. அந்த இடம் பாலா ஊருக்கு அருகில், பழங்கதையின் க்ரோனு ஆண்ட பென்லின் பக்கம். லானமௌத்வியிலிருந்து மலைதாண்டினால் வர்ன்வி ஏரி. அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்பூலுக்காக ஒரு கிராமத்தை மூழ்கடித்துக் கட்டியதே. இப்போது நாவலில் க்வின் அந்த ஆற்றலை விளக்கும் விதத்தைப் பாருங்கள். பள்ளத்தாக்கு ஒரு நீர்த்தேக்கம், மலைகள் சுற்றிலும் அணைகட்டி நிற்கின்றன, நிரம்பி நிரம்பி ஒருநாள் திறந்துவிட்டே ஆகவேண்டும் என்கிறான். அணை திறந்து இரண்டாம் ஆண்டில், ஒரு வெல்ஷ் பையனின் வாயில் இந்த உருவகம். ஆசிரியர் திட்டமிட்டாரா என்பது எனக்கு முக்கியமில்லை. ஆங்கிலேயர் வந்து எடுத்துக்கொள்ளும் நிலம், கோடைக்கு மட்டும் திறக்கும் வீடு, அங்கே தேநீர் ஏந்தும் ஊர்க்காரர்: கதையின் பேய் இந்த உறவின்மேல்தான் ஏறி நிற்கிறது.

நாவலில் என்னை மிகவும் தைத்த இடத்தில் அமானுஷ்யமே இல்லை. க்வின் படிப்பில் கெட்டிக்காரன். கூலிக்காரன் மாதிரிப் பேசவா உன்னைப் படிக்கவைக்கிறேன் என்று தாய் கடிந்துகொள்கிறாள். படிப்பை நிறுத்திக் கடையில் வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்று மிரட்டவும் செய்கிறாள். அவன் இரகசியமாக ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி இசைத்தட்டுகள் வாங்கி வைத்திருக்கிறான். அவற்றைக் கேட்க அவனிடம் கருவிகூட இல்லை. இதை நம்பிக்கையோடு அலிசனிடம் சொல்கிறான். அது ரோஜர் காதுக்குப் போய், ரோஜர் அதையே எடுத்து அவன் முகத்தில் வீசுகிறான். அலிசன் கெட்டவள் அல்ல. அவனோடு பழகினால் டென்னிஸ் கிளப்பும் பாட்டுக்குழுவும் போய்விடும் என்ற தாயின் எச்சரிக்கைக்கு முன்னால் பணிந்துபோகிறாள், அவ்வளவுதான். அந்தத் தாய் நாவல் முழுக்க ஒரு தடவைகூட நேரில் வருவதில்லை. வீடு முழுக்க அவளுடைய மனநிலைக்குப் பயந்து நடக்கிறது. வர்க்கம் எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய சிறார் நாவல் குறைவு. கார்னரும் செஷர் கிராமத்துக் கைவினைஞர் குடும்பத்தில் பிறந்து, வட்டார வழக்கில் பேசியதற்காகப் பள்ளியில் சோப்பால் வாய் கழுவப்பட்டு, உதவித்தொகைப் படிப்பால் ஆக்ஸ்ஃபோர்டு வரை போனவர். க்வினின் காயம் அவருக்குக் கேள்வியறிவு அல்ல.

குறைகளும் உண்டு. உரையாடலை மட்டும் நம்பி, யார் பேசுகிறார் என்றுகூடச் சொல்லாமல் காட்சிகளை வெட்டிவெட்டிப் போடும் நடை, வேகத்தைத் தருகிறது. கூடவே, பெர்ட்ரமின் சாவு போன்ற முக்கியச் செய்திகளைப் பாதி மூடியே வைக்கிறது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் சில இடங்கள் பிடிபடுகின்றன. அலிசன் பாதிக்குமேல் மங்கிப்போகிறாள். பூவாக இருக்க விரும்பியவளை ஆந்தை ஆக்கியது நாம்தான் என்று ஹியூ வாய்விட்டே சொல்கிறான். ஆனாலும் அவள் கடைசியில் மயங்கிக் கிடக்கும் உடலாகவே எஞ்சுகிறாள், ஆண்கள் சுற்றி நின்று முடிவெடுக்கிறார்கள். பூப்பெண்ணுக்கு நடந்த அநீதியை அடையாளம் கண்ட நாவல் அதே அநீதியைத் தன் கட்டமைப்பில் மறுபடி செய்கிறது. அவளோடு ஒப்பிட்டால் கசப்பேறிய நான்சி எவ்வளவு உயிரோடு இருக்கிறாள்! வெறுத்து வெளியேறிய ஊரை மகனுக்கு ஒவ்வொரு கல்லாகச் சொல்லி வளர்த்தவள் அவள். அவன் வந்திறங்கும்போதே அந்த ஊர் அவனுக்குப் பழகிய ஊர்.

இனி முடிவு. ஆற்றல் அலிசனைப் பிடித்துவிட்டது. தோலில் நகக் கீறல்கள் விழுகின்றன, அறையெங்கும் இறகுகள். அவளை மன்னித்து ஆற்றுப்படுத்த வேண்டியவன் வாரிசான க்வின் என்று ஹியூ மன்றாடுகிறான். க்வின் மறுக்கிறான். உதவி கேட்டுக் கெஞ்சும் ரோஜரிடம், ஓடிப்போன அவன் தாயை இழுத்துப் பேசிக் குத்துகிறான். ரோஜர் அந்த அவமானத்தை விழுங்கிக்கொண்டு அலிசனிடம் குனிந்து, இவை ஆந்தைகள் இல்லை, பூக்கள் என்று விடாமல் சொல்கிறான். இறகுகள் இதழ்களாகின்றன. நாவல் அங்கேயே நின்றுவிடுகிறது.

வெல்ஷ் வாரிசு தோற்று, அதுவரை முரட்டுத்தனமாக நடந்துகொண்ட ஆங்கிலப் பையன் காப்பாற்றுவதா என்று வாசகர்கள் பலர் குறைப்பட்டிருக்கிறார்கள். இதற்குத் தக்க மறுமொழி உண்டு. பழிக்குப் பழி என்ற வட்டத்தை உடைக்க, அடிபட்டும் திருப்பி அடிக்காத ஒருவன் தேவை. கல்லைத் தடுப்பாகப் பிடித்தும் தப்பாத க்ரோனுவின் இடத்தில் நிற்பவன் ரோஜர். இம்முறை அவன் எதையும் தடுப்பாகப் பிடிக்காமல் ஈட்டியை வாங்கிக்கொள்கிறான். காயப்பட்டவனே வைத்தியனாகவும் இருந்தாக வேண்டும் என்று க்வினிடம் கேட்பதும் நியாயமில்லை. இந்த அளவில் முடிவு தருக்கப்படி சரி.

பிழை வேறிடத்தில் இருக்கிறது. இசைத்தட்டு அவமானம் நாவலின் நடுவே எவ்வளவு இடம் பிடித்ததோ, அதில் பத்தில் ஒரு பங்குகூட ரோஜரின் மாற்றத்துக்குக் கிடைக்கவில்லை. க்வினுக்கோ, மறுப்புக்குப் பிறகு ஒரு பார்வைகூட இல்லை. ஊரின் பொறுப்பு இனி அவன் தோளில் என்று ஹியூ சொன்ன பையனை, வாரிசுரிமையும் இல்லாமல் வெளியே போகும் வழியும் இல்லாமல் அறை மூலையில் நிறுத்திவிட்டு ஆசிரியர் போய்விடுகிறார். அலிசன் பிழைத்தாள், ஆற்றல் வடிந்தது, ஆனால் தட்டுகளுக்கும் கல்லுக்கும் முன்பே அந்த வீட்டில் இருந்த எசமான் வேலையாள் கணக்கு தொடப்படாமலே இருக்கிறது. அதைத் தீர்க்கச் சொல்லவில்லை. தீரவில்லை என்பதை க்வினின் முகத்தில் ஒரு வாக்கியமாவது காட்டியிருக்க வேண்டும்.

என் தீர்ப்பு இது: ஊரையும் அமானுஷ்யத்தையும் பிணைத்து இளையோருக்கு எழுதப்பட்ட நாவல்களில் இது முதல் வரிசையில் வைக்கத்தக்கது, அதன் முடிவு கருத்தில் சரி, அளவில் குறை, க்வினுக்குச் செய்தது அநியாயம். பதினைந்து வயதுக்கு மேல் யாருக்கும் தயங்காமல் கொடுக்கலாம்.